பர்மனென்ட் என்றால் ஆயுள் பட்டா அல்ல

"உலகத்தில் எதுவுமே பர்மனென்ட் இல்லை, இவர்களுக்கு மட்டும் வேலை பர்மனென்டாக வேண்டுமாம்." தொழில் வளர்ச்சியைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் கூடுகிற இடத்தில் இந்த வாக்கியம் எப்படியும் ஒருமுறை வந்துவிடும். சொன்னவர் சிரிப்பார், கேட்டவர்களும் சிரிப்பார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஏதோ ஒரு கேட்டுக்கு முன்னால் தொழிலாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், இதையே கொஞ்சம் இஸ்திரி போட்டு யாராவது கட்டுரையாக எழுதிவிடுவார்கள். ஆயுள் முழுக்க அசையாத நாற்காலி கேட்கிறார்கள், காலம் மாறியது தெரியாமல் கேட்கிறார்கள், இப்படியே போனால் கம்பெனிக்காரன் எல்லையைத் தாண்டி ஆந்திராவின் ஸ்ரீசிட்டிக்குப் போய்விடுவான் என்பது அந்தக் கட்டுரையின் சாரம்.

இந்த வாதத்தின் பாரம் முழுவதும் ஓர் ஆங்கிலப் பெயரடையின் தலையில் இருக்கிறது. அதற்கு இவர்கள் கற்பிக்கும் பொருள் ஆங்கிலத்திலும் இல்லை, சட்டத்திலும் இல்லை, கும்மிடிப்பூண்டியிலும் இல்லை என்பதுதான் என் கட்சி.

முதலில் ஆங்கிலம். முடிவே இல்லாதது வேறு, முடிவுத் தேதி குறிக்காதது வேறு. பர்மனென்ட் என்ற சொல்லை ஆங்கிலம் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது பொருளில்தான் புழங்குகிறார்கள். அழகு நிலையத்தில் முடியைச் சுருட்டிவிடும் 'பர்மனென்ட் வேவ்', சுருக்கமாகப் 'பெர்ம்', சில மாதங்களில் வளர்ந்து கலைந்துவிடும். காசு கொடுத்தவர் யாரும் அதற்காகச் சண்டைக்குப் போவதில்லை. பிரிட்டிஷ் அமைச்சகங்களில் 'பர்மனென்ட் செக்ரட்டரி' என்றொரு பதவி உண்டு. அவரும் வயதானால் ஓய்வு பெறுகிறவர்தான். அமைச்சர் மாறும்போது அவரும் சேர்ந்து மாற மாட்டார் என்பதால் அந்தப் பெயர். 1793-இல் காரன்வாலிஸ் வங்காளத்தில் கொண்டுவந்து, 1802-இல் மதராஸ் மாகாணத்துக்கும் வந்த ஜமீன் ஏற்பாட்டுக்குப் 'பர்மனென்ட் செட்டில்மென்ட்' என்று பெயர். 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து அதை இங்கே முடித்துவைத்தது. ஜமீன்தார்கள் வேண்டுமானால் அகராதியைக் காட்டி அழுதிருக்கலாம்.

இதெல்லாம் தூரத்துக் கதை என்றால் கும்மிடிப்பூண்டி இருக்கும் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்குள்ளேயே ஒன்று இருக்கிறது. 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அது போன வழி திருவள்ளூர் வழி. ரயில்வேக்காரர்கள் அந்தப் பாதையை இன்றும் 'பர்மனென்ட் வே' என்றுதான் சொல்கிறார்கள். அதைப் பராமரிக்கும் அதிகாரியைப் பழைய ஆட்கள் பி.டபிள்யூ.ஐ. என்பார்கள், இன்றைய பெயர்ப் பலகையில் 'பி.வே' என்றிருக்கும். கும்மிடிப்பூண்டி வழியாக கூடூர் போகிற பாதையும் அதே கணக்குதான். அந்தப் பர்மனென்ட் பாதையில் பர்மனென்டாக என்ன இருக்கிறது? தண்டவாளம் தேய்ந்தால் மாற்றுகிறார்கள். மரக்கட்டை ஸ்லீப்பர் போய் கான்கிரீட் ஸ்லீப்பர் வந்துவிட்டது. ஜல்லியைக் கூட அவ்வப்போது சலித்துப் புதிதாகக் கொட்டுகிறார்கள். 1856-இல் போட்ட இரும்பில் ஒரு முழம் கூட இப்போது ரயிலைத் தாங்கிக்கொண்டிருக்காது.

பிறகு ஏன் அந்தப் பெயர்? பிரிட்டனில் முதன்முதலாக ரயில் பாதை போட்ட காலத்தில், மண் வெட்டவும் மேடு கட்டவும் ஒப்பந்தக்காரர் தன் வசதிக்கு ஒரு தண்டவாளம் போட்டுக்கொள்வார். மண் வண்டி ஓட அது போதும். வேலை முடிந்ததும் பெயர்த்துக்கொண்டு போய்விடுவார். அதன் பிறகு நிஜமான போக்குவரத்துக்கென்று, ரயில்வே கம்பெனி தன் பொறுப்பில் வைத்துக் காப்பாற்றப்போகும் பாதையைப் போடுவார்கள். முன்னது ஒப்பந்தக்காரருடையது, தற்காலிகம். பின்னது கம்பெனியுடையது, பர்மனென்ட். அந்தச் சொல் அங்கே பிரித்துக் காட்டியது காலத்தை மட்டுமல்ல, யாருடைய பொறுப்பு என்பதையும்தான். இந்த ஒரு பொருளை மனதில் வைத்துக்கொண்டு சிப்காட் கேட்டுக்கு வாருங்கள். அங்கே இருக்கிறவர்கள் ஆங்கிலத்தைச் சரியாகத்தான் பேசுகிறார்கள் என்பது தெரியும்.

சிப்காட் டீக்கடையில் ஒருவரை ஒருவர் பெயரடையால்தான் அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள். "அவர் பர்மனென்ட். நான் கான்ட்ராக்ட். தம்பி ட்ரெய்னி." பெயரடையைப் பெயராக்கிவிட்டார்கள் என்று ஆங்கிலப் புலவர்கள் சிலர் சிரிக்கிறார்கள், ஆங்கிலேயரே 'கேஷுவல்ஸ்', 'டெம்ப்ஸ்', 'ரெகுலர்ஸ்' என்று பெயரடைக்குப் பன்மை விகுதி போட்டுப் பேசுகிறார்கள் என்பதைச் சொல்லி அவர்களை அனுப்பிவிடலாம். பெண் வீட்டார் விசாரிக்கும்போது சம்பளத்தைக் கேட்பதற்கு முன்னால் "பர்மனென்டா?" என்று கேட்கிறார்கள். பைக் லோன் கொடுக்கிறவனும் அதையே கேட்கிறான். இவர்களில் யாரும் மாப்பிள்ளை எண்பது வயது வரை பில்லட் தூக்குவாரா என்று கேட்கவில்லை. இவர் எந்தக் கம்பெனியின் ஆள், நாளைக்கு ஒன்று என்றால் யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் கேள்வி. ஆன்ரோல் என்ற சொல்லும் அதே பொருளில்தான் புழங்குகிறது: கம்பெனி ரோலில் பெயர் இருக்கிறதா, இல்லையா.

சட்டம் சொல்வதும் இதைத்தான். 1946-ஆம் ஆண்டு நிலையாணைச் சட்டத்தின் கீழ் வந்த மாதிரி நிலையாணைகள் தொழிலாளர்களைப் பர்மனென்ட், புரபேஷனர், பதிலி, டெம்பரவரி, கேஷுவல், அப்ரண்டிஸ் என்று வகை பிரித்தன. அதில் பர்மனென்ட் ஆக என்ன தகுதி தெரியுமா? மூன்று மாதத் தகுதிகாண் காலத்தைத் திருப்தியாக முடித்திருக்க வேண்டும். அவ்வளவுதான். மூன்று மாதம் வேலை பார்த்தவனுக்கு ஆயுள் பட்டா எழுதிக்கொடுக்கச் சட்டம் போட்டவர்கள் பைத்தியக்காரர்கள் அல்ல. வேலை தெரிகிறது, வேலையும் இருக்கிறது, ஆகவே இவர் இனி இந்த ஆலையின் ஆள் என்று பதிவேட்டில் எழுது என்றார்கள். அந்தக் கருத்து அன்று இத்தனை சாதாரணமாக இருந்தது.

ஆலைகள் எழுதவில்லை. ஆண்டுக் கணக்கில் பதிலி, கேஷுவல் என்றே ஓட்டினார்கள். அதனால்தான் எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்தபோது தமிழ்நாடு தனியாக ஒரு சட்டம் போட்டது: தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்குதல்) சட்டம், 1981. இருபத்து நான்கு காலண்டர் மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணியில் இருந்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் மூன்றாவது பிரிவு. 1990-இல் உச்ச நீதிமன்றமும் அந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது. ஐம்பது பேருக்குக் குறைவாக வேலை பார்க்கும் இடங்களுக்கு அது பொருந்தாது. சிறிய ரோலிங் மில்கள் பல அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றுகொள்கின்றன என்பது தனி வருத்தம்.

480 என்ற எண்ணைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். இரண்டு வருடத்தில் 730 நாள். ஞாயிறுகள் 104 போனால் 626. அதில் 480 நாள் வந்திருந்தால் போதும் என்கிறது சட்டம். அதாவது காய்ச்சல், தங்கை கல்யாணம், ஊர்த் திருவிழா, அறுவடை என்று 146 வேலை நாள் வராமல் போனவர் கூடத் தகுதி பெறுகிறார். இப்படி வந்து போகிற ஆளைச் சட்டம் நிரந்தரம் என்கிறதே, அது எப்படி? ஏனென்றால் அது ஆளின் நிரந்தரத்தை அளக்கவில்லை. இரண்டு வருடமாக அந்த வேலை அங்கே இருந்துகொண்டிருக்கிறதா என்று அளக்கிறது. இருக்கிறது என்றால் அந்த வேலை நிரந்தரம். அதைச் செய்கிறவனை மட்டும் தற்காலிகம் என்று சொல்லாதே. 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டமும் ஒப்பந்த முறையை ஒழிப்பதா என்று முடிவு செய்யும்போது வேலை ஆண்டு முழுவதும் நடப்பதா, வழக்கமான ஆட்களைக் கொண்டு செய்யக்கூடியதா என்றுதான் பார்க்கச் சொன்னது. பெயரடை வேலைக்கு உரியது. அதை ஆளின் பேராசையாக மாற்றிக் காட்டுவதில்தான் மேற்படி சிரிப்பின் சூட்சுமம் இருக்கிறது.

இது நடக்கிற விதத்தைப் பார்க்க வேண்டுமானால் ஒரு பி.எஃப். பாஸ்புக் போதும். எனக்குத் தெரிந்த ரோலிங் மில் தொழிலாளி ஒருவர் தன் கைபேசியில் காட்டினார். யூ.ஏ.என். ஒன்றுதான், பன்னிரண்டு இலக்கம். அதற்குக் கீழே உறுப்பினர் எண்கள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறுவனப் பெயர். ஒன்று எண்டர்பிரைசஸ், ஒன்று மேன்பவர் சர்வீசஸ், ஒன்று யாரோ ஒருவருடைய அப்பா பெயரில் அசோசியேட்ஸ். சேர்ந்த தேதி, விலகிய தேதி, நடுவே சில வாரம் வெற்று இடம், மறுபடி சேர்ந்த தேதி. காகிதத்தைப் பார்த்தால் ஊர் ஊராக வேலை தேடி அலைந்த மனிதர் என்று தோன்றும். ஆனால் அவர் நின்றது ஒரே ஷெட். பழுக்கக் காய்ந்து பாம்பு மாதிரி வருகிற கம்பியை இடுக்கியால் பிடித்து அடுத்த ஸ்டாண்டில் நுழைக்கிற அதே இடம். ஃபோர்மேன் அவரே, ஃபர்னஸ் அதே ஃபர்னஸ், பஸ் ஏறும் நிறுத்தம் கூட அதே நிறுத்தம். அந்த வெற்று வாரங்களுக்குப் பெயர் 'பிரேக்'. மாதம் 26 நாள் என்று வைத்தால் பத்தாம் மாதத்தில் 240 நாள், அதாவது சட்டம் ஒரு வருடத் தொடர் பணியாக எண்ணும் கோடு, தாண்டிவிடும். அதனால் எட்டாம் மாதமே "கொஞ்ச நாள் ஊருக்குப் போயிட்டு வாப்பா" என்று சூப்பர்வைசர் அன்பாகச் சொல்வார். வரும்போது டோக்கன் நம்பர் மாறியிருக்கும், சட்டையில் கான்ட்ராக்டர் பெயர் மாறியிருக்கும்.

இந்தக் கதையில் யார் தற்காலிகம்? கான்ட்ராக்டர்தான். அவர்தான் வருகிறார், போகிறார், பெயர் மாற்றுகிறார். மண் வண்டித் தண்டவாளத்தைப் பெயர்த்துப் போன ஒப்பந்தக்காரராவது நிஜமாகவே வேலை முடிந்து போனார்.

பெயரை மாற்றினால் பொருள் மாறிவிடும் என்ற நம்பிக்கைக்கு இந்தியாவில் நல்ல சந்தை இருக்கிறது. கேஷுவலுக்குச் சட்டம் வந்ததும் கான்ட்ராக்ட் என்றார்கள். கான்ட்ராக்டை நீதிமன்றம் துருவியதும் ட்ரெய்னி என்றார்கள். 2013-இல் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ. தொடங்கிய 'நீம்' திட்டம் வந்தபோது, ஊழியரே அல்லாத பயிற்சியாளர்கள் என்று ஒரு புதிய வகை கிடைத்தது. உற்பத்தி வரிசையில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டே அவர்கள் கற்றுக்கொண்டிருந்தார்களாம். 2022 இறுதியில் அந்தத் திட்டத்தையே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் மைக்ரோசாஃப்ட் இதே வித்தையைச் செய்தது. வருடக் கணக்கில் அங்கேயே வேலை பார்த்தவர்களைத் தற்காலிகம், சுயேச்சை ஒப்பந்தக்காரர் என்று எழுதி வைத்தது. அவர்களுக்கு 'பர்மா டெம்ப்' என்று ஊரே பெயர் வைத்தது. நிரந்தரத் தற்காலிகர் என்று இரண்டு பெயரடைகளை ஒட்டவைத்த சொல். வழக்கு நடந்து, 2000-இல் சுமார் 9.7 கோடி டாலர் கொடுத்து மைக்ரோசாஃப்ட் சமரசம் செய்துகொண்டது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கைத்தான் எடுத்துக் காட்டியது. மத்திய நீர் ஆணையத்தின் அலுவலகத்தில் பல ஆண்டுகள் துப்புரவும் தோட்ட வேலையும் பார்த்த நான்கு பேரைப் பகுதிநேரம், தற்காலிகம் என்று சொல்லி ஒரே உத்தரவில் அனுப்பியிருந்தார்கள். வேலை தொடர்ந்து நடப்பது, நிறுவனத்துக்கு அத்தியாவசியமானது. ஒட்டிய லேபிளைக் காட்டித் தப்ப முடியாது என்று சொல்லி அவர்களை நிரந்தரப்படுத்தச் சொன்னது நீதிமன்றம். முறைப்படி தேர்வாகாத தற்காலிக ஊழியர் நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்ற 2006-இன் உமாதேவி தீர்ப்பை எல்லா அரசுத் துறைகளும் கவசமாகப் பிடித்துக்கொண்டிருந்த நாட்டில் இது சாதாரண விஷயம் இல்லை.

'பர்மனென்ட் ஆக்கிவிட்டால் பிறகு ஆளை எடுக்கவே முடியாது' என்பது இவர்களின் அடுத்த கச்சேரி. இதைச் சொல்கிறவர்கள் சட்டத்தைத் திறந்து பார்த்தவர்களாகத் தெரியவில்லை. 1947-ஆம் ஆண்டு தொழில் தகராறு சட்டத்தின் 25-எஃப் பிரிவு ஆட்குறைப்புக்கு ஒரு மாத நோட்டீசும், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் பதினைந்து நாள் சம்பளமும் கொடுக்கச் சொன்னது. யாருக்கு? ஒரு வருடம் தொடர்ந்து, அதாவது 240 நாள், பணியாற்றிய எந்தத் தொழிலாளிக்கும். பர்மனென்ட் என்ற சொல்லே அந்தப் பிரிவில் வேலை செய்யவில்லை. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள ஆலையில் அரசு அனுமதி வாங்க வேண்டும் என்றிருந்த 25-என் பிரிவும் அப்படித்தான். அது நிர்வாகத்துக்குத் தொல்லையாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கேஷுவலாகவே 240 நாள் முடித்தவரும் அதே பாதுகாப்புக்குள் வந்தார். ஆகவே ஆளை எடுக்க முடியாத கஷ்டம் என்று ஒன்று இருந்தால் அது பர்மனென்ட் என்ற பெயரடையில் இல்லை. திருடினாலும் அடிதடி செய்தாலும் பர்மனென்ட் தொழிலாளியை வெளியேற்ற வழி இருக்கிறது: குற்றச்சாட்டுக் குறிப்பாணை, உள்விசாரணை, உத்தரவு. காரணம் சொல்லிவிட்டு அனுப்பு என்பதுதான் நிபந்தனை. காரணமே சொல்லாமல் நாளைக்குக் கேட்டில் டோக்கனைப் பிடுங்கிக்கொள்ளும் வசதி போய்விடுமே என்பதுதான் நிஜமான கவலை என்றால் அதை நேராகச் சொல்லலாம்.

பர்மனென்ட் ஆட்கள் வேலையை இழந்த கதைக்கு இந்தப் பக்கம் பஞ்சம் இல்லை. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்துவதற்குள் வெளியே வந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் பர்மனென்ட். மறைமலை நகர் ஃபோர்டும் 2022-இல் மூடியது. அவர்களுக்கும் கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் என்ன வித்தியாசம் என்றால், பர்மனென்ட் ஆட்கள் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இழப்பீட்டைப் பேசினார்கள். கான்ட்ராக்ட் ஆளுக்கு எதிரே உட்கார யாரும் இல்லை. அந்த மேசைதான் பர்மனென்ட்.

'பர்மனென்ட் ஆனால் வேலை செய்ய மாட்டான்' என்பதற்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைக் கான்ட்ராக்ட் தொழிலாளர்களே சொல்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. சில ஆலைகளில் பர்மனென்ட் என்பது ஒரு சின்ன ஜமீன் ஆகிவிட்டது. மெஷின் பக்கத்தில் பர்மனென்ட் நிற்பார், மெஷினில் கான்ட்ராக்ட் நிற்பார். அவருக்குத் தனி கேன்டீன் கூப்பன், தனி பஸ். பன்னிரண்டு மூணு போடும்போது, அதுதான் சம்பள உயர்வு ஒப்பந்தம், தங்களுக்கு ஏறினால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, புதிய வேலைகளெல்லாம் கான்ட்ராக்டுக்குப் போவதைப் பார்த்தும் பார்க்காமல் இருந்த சங்கங்கள் உண்டு. அந்தச் சங்கத் தலைவர்களை நான் தற்காக்கப் போவதில்லை. ஆனால் நோயைக் கவனியுங்கள். ஒரே வேலைக்கு இரண்டு வகை ஆட்களை வைத்து, ஒருவருக்கு மூன்று பங்கு சம்பளமும் இன்னொருவருக்கு ஒரு பங்கும் கொடுத்தால் மேலே இருப்பவன் மேஸ்திரி ஆகத்தான் பார்ப்பான். மேல் வகையை ஒழித்து எல்லோரையும் கீழே தள்ளுவதுதான் மருந்து என்று முடிவு கட்ட இவர்கள் காட்டும் அவசரம்தான் சந்தேகத்தைக் கிளப்புகிறது.

இனி ஸ்ரீசிட்டி. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரம்பாக்கம் தாண்டினால் தடா, அங்கிருந்து கூப்பிடு தூரம். போகிறவர்கள் போயிருக்கிறார்கள், நிலம், வரிச் சலுகை, மின்சாரம் என்று ஆயிரம் கணக்கு அதில் உண்டு. ஆனால் 1981 சட்டம் தொழிலைத் துரத்தும் என்பது உண்மையானால், நாற்பது வருடத்துக்கு மேல் அது இருந்த மாநிலம் காலியாகியிருக்க வேண்டும். ஹூண்டாய் 1996-இல் வந்தபோது அந்தச் சட்டம் இருந்தது. தேர்வாய்கண்டிகையில் மிஷெலின் டயர் ஆலை கட்டியபோதும் இருந்தது. இன்று இந்தியாவிலேயே தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு. தொழில் ஓடியதாகத் தெரியவில்லை. ஓடியது சட்டம்தான்: தொழிற்சாலைகளின் ஆண்டாய்வுக் கணக்குப்படி, இந்தியா முழுவதும் ஆலைத் தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவராக இருந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள் கால் நூற்றாண்டில் ஐந்தில் இருவராகிவிட்டார்கள்.

ஹூண்டாய் என்றதும் ஒன்று. அந்தக் கம்பெனியின் சொந்த நாட்டில், உல்சான் ஆலைக்குள் துணை ஒப்பந்தக்காரர் மூலம் வேலை பார்த்த தொழிலாளி ஒருவர் வழக்குப் போட்டார். இரண்டு வருடத்துக்கு மேல் அங்கே உழைத்தவரை ஹூண்டாய் தானே நேரடியாக வேலைக்கு வைத்ததாகக் கருத வேண்டும் என்று 2010 ஜூலையில் தென் கொரிய உச்ச நீதிமன்றம் சொன்னது. இரண்டு வருடம், அதாவது இருபத்து நான்கு மாதம். எங்கேயோ கேட்ட கணக்காக இருக்கிறதா?

காலம் மாறிவிட்டது, இது ஃபிக்ஸட் டெர்ம் யுகம் என்கிறார்கள். 2018-இல் எல்லாத் தொழிலுக்கும் திறந்துவிடப்பட்ட அந்த வகை, 2020-இன் தொழிலுறவுக் குறியீட்டில் இடம் பெற்று, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது. குறித்த காலத்துக்கு வேலை, காலம் முடிந்தால் வீட்டுக்கு. நல்லது. அந்த ஊழியருக்கு என்ன சம்பளம், என்ன சலுகை என்று புதிய சட்டம் எப்படிச் சொல்கிறது? அதே வேலை பார்க்கும் பர்மனென்ட் ஊழியருக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்கிறது. பர்மனென்ட் காலாவதியான சொல் என்றால் அதையே அளவுகோலாக வைப்பானேன்? ஒப்பிட ஒரு பர்மனென்ட் ஊழியர் கூட இல்லாத ஷெட்டில் அந்த அளவுகோலை எங்கே வைத்து அளப்பது என்று யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குறியீடு 1947-இன் தொழில் தகராறு சட்டம், 1946-இன் நிலையாணைச் சட்டம், 1926-இன் தொழிற்சங்கச் சட்டம் ஆகிய மூன்று மத்தியச் சட்டங்களை நீக்கியது. 1981-இன் தமிழ்நாட்டுச் சட்டம் அந்தப் பட்டியலில் இல்லை.

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் இரண்டு மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், வேலையைக் கான்ட்ராக்டருக்குக் கொடுப்பதை எதிர்த்தும் நிரந்தரம் கேட்டும் ரிப்பன் மாளிகை முன்னால் பதின்மூன்று நாள் உட்கார்ந்தபோது, இதே கருத்து முற்போக்குச் சட்டை போட்டுக்கொண்டு வந்தது. சாதி தலையில் கட்டிய அந்த வேலையிலிருந்து வெளியே வர வேண்டியவர்களை அதிலேயே நிரந்தரமாக்கலாமா என்று சிலர் உருக்கமாகக் கேட்டார்கள். பர்மனென்ட் என்றால் கால்விலங்கு என்று பொருள் கொள்கிறவர்கள் கேட்கிற கேள்வி இது. பர்மனென்ட் ஆனவர் ராஜினாமா செய்யக் கூடாது என்று எந்த ஊர்ச் சட்டமும் சொல்லவில்லை. மகளைக் கல்லூரிக்கு அனுப்ப லோன் வாங்கித் தருவது பர்மனென்ட் சம்பளச் சீட்டு. அடுத்த தலைமுறை அந்த வேலைக்கு வராமல் இருக்க வேண்டும் என்று நிஜமாகவே நினைக்கிறவர்கள் முதலில் அந்தச் சீட்டைக் கொடுக்கச் சொல்ல வேண்டும். தெருவைப் பெருக்கும் வேலை நாளைக்கும் இருக்கும். அதைக் கான்ட்ராக்டருக்குக் கொடுத்தால் சாதி ஒழியும் என்பது என் சிற்றறிவுக்கு எட்டவில்லை.

கடைசியாக ஒன்று, இதைச் சொல்கிறவர்கள் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள்: 'நம்ம பசங்கதான் பர்மனென்ட் பர்மனென்ட் என்கிறார்கள், ஒடிசாக்காரன், பீகார்க்காரன் வாயைத் திறப்பதில்லை, அவனை வைத்து ஓட்டலாம்.' இன்று சிப்காட் ஃபர்னஸ்களில் அவர்கள்தான் பெரும்பாலும் நிற்கிறார்கள். ஷெட்டுக்குப் பின்னால் ஓர் அறையில் எட்டுப் பேர், ஷிஃப்ட் மாற்றிப் பாயில் படுக்கிறார்கள். எத்தனை நாள் வேலை பார்த்தோம் என்பது சேட்டின் நோட்டில் இருக்கிறது. நோட்டு அவர்கள் கையில் இல்லை. வாயைத் திறக்காததற்குக் காரணம் அவர்களுக்கு அந்தப் பெயரடை பிடிக்கவில்லை என்பதல்ல. கேட்டால் அன்று இரவு படுக்க அறை இருக்காது. 1981 சட்டத்தின் மூன்றாம் பிரிவில் தாய்மொழிக்கு இடமில்லை, பிறந்த மாவட்டத்துக்கு இடமில்லை, குடும்ப அட்டைக்கும் இடமில்லை. 480 நாள் இருந்தாரா என்ற ஒரே கேள்விதான். அதற்கான பதிவேட்டை நிர்வாகம் வைத்திருக்க வேண்டும், ஆய்வாளர் கேட்டால் காட்ட வேண்டும். உலகத்தில் எதுவும் பர்மனென்ட் இல்லை என்று சிரிக்கிறவர்கள் அடுத்த முறை கும்மிடிப்பூண்டிக்கு வரும்போது, அந்தப் பதிவேட்டில் ஒடிசாவின் கேந்திரபாடாவிலிருந்து வந்தவனின் பெயர் எந்தத் தேதியில் ஏறியிருக்கிறது என்று கேட்டுப் பார்க்கட்டும்.